இளவேணிக்காக ஒரு மன்றாட்டு

திருநீற்றுப் புதனன்று தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பாதர் கேட்டது ஒரு சின்ன விஷயம்தான். இறைச்சியை விடுவது எல்லாரும் செய்கிற ஒறுத்தல், இந்தத் தவக்காலத்தில் டீவி நாடகத்தை விட்டுப் பாருங்கள் என்றார். ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கம் மூச்சே இல்லை. அந்த அமைதிக்குள் முதலில் கையை உயர்த்தியவள் றோசாலி.

உயர்த்தியதோடு விட்டாளா? லுணுகலை டவுனுக்குப் போய் ஊதாத் துணி வாங்கி வந்து, கோயிலில் தவக்காலத்தில் சாமி சுரூபங்களை மூடுவது மாதிரி தன் வீட்டு டீவியை மூடினாள். மிச்சத் துணியைக் கிழித்துக்கொண்டு லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய் மற்ற டீவிகளையும் மூடினாள். செபக்கூட்டத்தைப் பல வருஷமாக நடத்துகிறவள் அவள்தான். அவள் சொன்னால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. கிழவி சவரியம்மா மட்டும் கெஞ்சிப் பார்த்தாள்.

"ஏழரை மணி நாடகத்த மட்டும் பாத்துக்கிறேனே றோசாலி. அதுல கெட்டது ஒண்ணுமில்லையே."

"சேசு நாப்பது நாளு பட்டினி கெடந்தாரு. உங்களுக்கு ஒரு நாடகத்த விட முடியலையா?" என்று றோசாலி ஒரே போடாகப் போட்டாள். கிழவி அடங்கிப்போனாள்.

அப்படிப் போட்டவள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அந்த ஏழரை மணி நாடகத்தைத் தொடங்கின நாளிலிருந்து பார்த்து வருகிறவள் அவள். கதாநாயகியை நடுவழியில் மாற்றி, இனி இவருக்குப் பதில் இவர் என்று எழுத்துப் போட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு அறை விழுந்தால் அதையே மூன்று தரம் காட்டுவதும், வாசலில் நிற்கிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றிக் காட்டியே நேரத்தைத் தின்பதும், பத்தாம் மாதம் பிறக்க வேண்டிய பிள்ளை இரண்டு வருஷமாகியும் வயிற்றுக்குள்ளேயே இருப்பதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "இந்த டைரக்டர் மட்டும் என் கையில கெடச்சான், கவ்வாத்துக் கத்திக்கு வேல வந்துரும்" என்பாள். திட்டிக்கொண்டே பார்ப்பாள். பார்க்காமல் இருந்தால் திட்டவும் முடியாதே!

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூடியது டீவியைத்தானே, போனை இல்லையே. கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கையோடு, வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருக்கும் மூலைக்குப் போவாள். லயத்திலேயே சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் அதுதான். காதில் வயரை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, முந்தின நாள் நாடகத்தைப் பார்ப்பாள். புருஷன் கபிரியேலுக்கு விஷயம் தெரியும். "வெறகுக்குக் காவலா?" என்று கேட்டுவிட்டு நமட்டுச் சிரிப்போடு போய்விடுவான்.

அந்த வாரம்தான் நாடகத்துக்குள் இளவேணி வந்தாள். கதாநாயகனின் தங்கை. வாய் திறந்து கத்தாத, அழுதாலும் அழகாக அழுகிற பெண். றோசாலிக்கு அவளைக் கண்டவுடனே பிடித்துப்போயிற்று. தோட்டத்தில் மற்ற எல்லா டீவியும் ஊதாத் துணிக்குள் இருந்ததால் இளவேணி என்று ஒருத்தி இருப்பது வேறு யாருக்கும் தெரியாது.

ஒரு புதன்கிழமை, மாமியார்க்காரி இளவேணியை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டாள். மூக்கில் குழாயோடு, கண் மூடிப் படுத்திருந்தாள் பெண். றோசாலி விறகு மூலையிலிருந்து சிவந்த கண்களோடுதான் அன்றைய செபக்கூட்டத்துக்குப் போனாள்.

அன்று காலையில் மலையில் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த நிலுக்ஷி அவளிடம் ஒன்று கேட்டிருந்தாள். நிலுக்ஷி லயத்தில் சுவரொட்டிய அடுத்த காம்பராக்காரி. புருஷன் றுஷாந்தனுக்குக் கொழும்பில் கடையில் வேலை. கைக்குழந்தைக்கு நாலைந்து நாளாக இருமல், மார்ச்சளி. "புள்ளைக்காக ஒரு மன்றாட்டு வைங்கக்கா. நீங்க வேண்டுனா கேக்கும்" என்றிருந்தாள். றோசாலியும் சரி என்றிருந்தாள்.

மன்றாட்டு நேரம் வந்தது. றோசாலி முழங்காலில் நின்று கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் குழாயோடு ஒரு முகம் வந்தது. வாய் தன்பாட்டில் திறந்துகொண்டது.

"ஆண்டவரே, உயிருக்குப் போராடிக்கிட்டு இருக்கிற எங்க இளவேணிய கண் பாருமய்யா. ஒரு பாவமும் அறியாத புள்ளைய்யா அது..."

குரல் உடைந்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பெண்கள் எல்லாரும் உருகிப்போய், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நிலுக்ஷியும் சொன்னாள். நிலுக்ஷியின் பிள்ளைக்கு வைக்க வேண்டிய மன்றாட்டு றோசாலிக்கு ஞாபகமே வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் சவரியம்மா அவள் கையைப் பிடித்தாள். "யாரும்மா அந்த இளவேணி?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாலு நாள் கேலி செய்துவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் முதல் ஆளாகக் கையை உயர்த்தியவளுக்குத் தலை குனிய மனம் வரவில்லை.

"மொனராகலையில எங்க சித்தி மக. படியில விழுந்துருச்சு" என்றாள்.

அவ்வளவுதான். தோட்டம் இளவேணியைத் தத்தெடுத்துக்கொண்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் விசாரித்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் விசாரித்தார்கள். சவரியம்மா வெற்றிலையை விட்டு, ஒருவேளைச் சாப்பாட்டோடு அவளுக்காக ஒருசந்தி இருந்தாள். ஒவ்வொரு விசாரிப்புக்கும் றோசாலி ஒரு பொய்யைச் சேர்த்தாள். இன்னும் கண் முழிக்கல, டாக்டர்மாரு பாக்குறாங்க, ஆண்டவர் விட்ட வழி. எல்லாம் நாடகத்தில் கேட்ட வசனங்கள்தான்.

சனிக்கிழமை நிலுக்ஷியின் பிள்ளைக்கு மூச்சிழுக்கத் தொடங்கியது. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ வந்து நின்றது. ஏறப் போன நிலுக்ஷி திரும்பி வந்து றோசாலியின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அன்னைக்கு இளவேணிக்கு அழுது வேண்டுனீங்களே, அதே மாதிரி எம்புள்ளைக்கும் வேண்டுங்கக்கா."

றோசாலி தலையாட்டினாள். வீட்டுக்குள் போய் முழங்காலில் நின்றாள். கண்ணை மூடினால் அந்தக் குழந்தையின் முகம் வரவில்லை. அடுத்த காம்பரா, தினமும் பார்க்கிற பிள்ளை. மச்சம் எந்தக் கன்னத்தில் என்றுகூடத் தெரியவில்லை. இளவேணியின் காதுத் தோடு என்ன நிறம் என்று கேட்டால் சொல்லியிருப்பாள்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும் அன்றைக்கும் அவள் விறகு மூலைக்குப் போனாள், அதைத்தான் சொல்லக் கூசுகிறது. நாடகத்தில் ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். இளவேணி கண் திறக்கவில்லை. றோசாலி டைரக்டரைத் திட்டிவிட்டு உள்ளே வந்தாள். நிலுக்ஷிக்கு ஒரு போன் எடுத்துக் கேட்க வேண்டும் என்பது படுத்த பிறகுதான் உறைத்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அடுத்த புதன்கிழமை பின்னேரம் பதுளை பஸ்ஸில் வந்து இறங்கிய நிலுக்ஷி, பையைக்கூட வைக்காமல் நேரே றோசாலி வீட்டுக்கு வந்தாள்.

"வா நிலு, புள்ளைக்கு எப்படி?"

"நல்லாருக்கு." நிலுக்ஷி உட்காரவில்லை. "வார்டுல பக்கத்துக் கட்டில்ல பண்டாரவளை றிப்கா தாத்தான்னு ஒரு முஸ்லிம் அக்கா. யாருக்காக இப்படி வேண்டுறேன்னு கேட்டாங்க. எம்புள்ளைக்கும், எங்கக்காவோட சித்தி மக இளவேணிக்கும்ன்னேன். படியில விழுந்த கதைய சொன்னேன். அவங்க போன எடுத்து, இவளான்னு காட்டுனாங்க."

றோசாலியின் கண் தன்பாட்டில் ஊதாத் துணி மூடிய டீவிப் பக்கம் போனது.

"வார்டே சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய?" நிலுக்ஷியின் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தடவையும் அவ பேரத்தான் மொதல்ல சொன்னேன்க்கா. எம்புள்ளைய விட அவளுக்குத்தான் மோசம்னு நெனச்சு."

மன்னிப்பு என்கிற சொல்கூட அந்த நேரம் றோசாலிக்குக் களவெடுத்த சாமான் மாதிரி இருந்தது.

"நான் யார்ட்டயும் சொல்லல" என்றாள் நிலுக்ஷி.

அன்று செபக்கூட்டம் றோசாலி வீட்டில். பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். பிள்ளையைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். பிறகு சவரியம்மா வழக்கம்போல, "இளவேணிக்கு என்னம்மா சேதி?" என்றாள். றோசாலி வாயைத் திறக்குமுன் நிலுக்ஷி முந்திக்கொண்டாள்.

"சொகமாயிட்டாங்க பாட்டி. பதுளையில கேள்விப்பட்டேன்."

தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்பது றோசாலிக்கு விளங்கியது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சவரியம்மா இரண்டு கையையும் விரித்தாள். ஒருசந்தி இருந்து வாடிப்போயிருந்த முகம் பூரித்துவிட்டது. "ஆண்டவரே, எங்க இளவேணிக்கு உயிர்ப்பிச்சை குடுத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்" என்று தொடங்கினாள். பெண்கள் எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டாள் றோசாலி. "பொய். எல்லாம் பொய். அப்படி ஒருத்தி இல்ல. ஏழரை மணி நாடகத்துல வர்றவ. ஒங்க டீவிய எல்லாம் மூடிட்டு நான் மட்டும் பின்னால ஒளிஞ்சு பாத்தேன்."

சவரியம்மாவின் விரித்த கைகள் அப்படியே நின்றன. றோசாலி தரையைப் பார்த்துக்கொண்டு, எது வந்தாலும் வாங்கிக்கொள்வதற்குக் காத்திருந்தாள்.

கடைசியில் கிழவிதான் வாயைத் திறந்தாள். "அப்ப, அந்தப் புள்ள கண்ணு முழிச்சுச்சா இல்லையா?"

ஒருத்தி குபுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு வீடே குலுங்கியது. சிரித்துச் சிரித்து ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்தார்கள். "ஒளிஞ்சு பாத்தவ முழுக்கதையையும் சொல்லு" என்று றோசாலியின் முதுகில் தட்டினார்கள். இத்தனை சுலபமாக விட்டுவிடுவார்கள் என்று அவள் நினைக்கவில்லை. நிமிர்ந்து நிலுக்ஷியைப் பார்த்தாள்.

நிலுக்ஷி சிரிக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நிலு..." என்றாள் றோசாலி.

"புள்ளைக்கு மருந்து குடுக்கிற நேரம்க்கா" என்று சொல்லிவிட்டு, சிரிக்கிறவர்களின் கால்களுக்கிடையில் வழி பார்த்து, அவள் வெளியே போனாள்.