பதினோராம் பக்கம்

சாவி மேஜை மேல்தான் இருந்தது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில். அலுவலகப் பெண் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஒரு காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளினாள். இதையும் கட்டிவிட்டால் சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்றாள்.

என் வீட்டுக்காரர் தையற்காரர். முப்பது வருஷம் துணி தைத்துச் சேர்த்ததை எல்லாம் இந்தக் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வீட்டில் போட்டிருந்தோம். குடியிருக்க அல்ல, வாடகைக்கு விட. அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இனி எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். தைக்க முடியாமல் போகும்போது அந்த வாடகைதான் எங்களுக்குச் சோறு.

கண் விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் யார் நம்பித் துணி கொடுப்பார்கள்? கடை திறந்ததும் முதல் வேலையாக இருபது ஊசிகளில் நூல் கோத்து சின்ன ஊசிமெத்தையில் குத்தி வைத்துவிடுவேன். ஆள் வந்தால் அவர் அதில் ஒன்றை எடுத்து, நூலை விரலால் நீவிவிட்டு, தானே கோத்த மாதிரி ஆரம்பிப்பார். எங்கள் இருவரையும் நாடக மேடை ஏற்றியிருந்தால் நன்றாகவே பிழைத்திருப்போம்.

காகிதத்தைப் பார்த்தேன். வண்டி நிறுத்த இடத்துக்கு ஒரு தொகை. எங்களிடம் சைக்கிள்கூடக் கிடையாது. தண்ணீர் இணைப்பு, மின் இணைப்பு, லிஃப்ட், பத்திரம் எழுதிய செலவு, குடியிருப்போர் சங்கத்துக்கு வைப்புத்தொகை, இரண்டு வருஷப் பராமரிப்புக்கு முன்பணம். கடைசி வரியில் கூட்டுத்தொகை. எங்கள் கடை இரண்டு வருஷம் ஓடினாலும் அவ்வளவு வராது.

பக்கத்து நாற்காலியில், இந்த வீட்டை எங்களுக்குப் பேசி முடித்த புரோக்கரைப் பார்த்தேன். எதைக் கேட்டாலும் "முடிஞ்சுது" என்பார், அதனால் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். முடிஞ்சுது இப்போது போனைத் தடவிக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சொன்ன விலையில எல்லாமே அடக்கம் இல்லையாம்மா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். பாவம், அவருக்கு அப்படித்தான் கேட்க வரும். சட்டைக்கு ஒரு கூலி சொன்னால் நூல், பட்டன், காலருக்குள் வைக்கும் கெட்டித்துணி எல்லாம் அதிலேயே அடக்கம். பட்டனுக்குத் தனிக் காசு வாங்கும் தையற்காரனை அவர் ஒரு மனுஷனாகவே சேர்த்ததில்லை.

"அது வீட்டோட விலை சார். இது தனி. அக்ரிமெண்ட்டுல பதினோராம் பக்கத்துல இருக்கு, நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்க."

அவள் கடிந்து சொல்லவில்லை. நிறையப் பேருக்குச் சொல்லிப் பழகிய குரல். பதினைந்து நாளில் கட்டாவிட்டால் மாதாமாதம் அபராதம். வீடே வேண்டாம் என்றால் இதுவரை கட்டியதில் கால்வாசியைப் பிடித்துக்கொள்வார்களாம்.

கையெழுத்து போட்டதும் இதே மேஜையில்தான். எல்லாம் பொடி எழுத்து. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் படிப்பது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, தலையை ஆட்டிவிட்டுத் திருப்பினார். எனக்குப் படிக்கத் தெரியும், கண்ணும் நன்றாகத் தெரியும். ஆனால் நான் வாங்கிப் படித்தால், சாருக்கு என்ன என்று புரோக்கர் கேட்பார். ஊரெல்லாம் சுற்றுகிற ஆள், சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கப் பரவிவிடும். அதனால் வாயை மூடிக்கொண்டு, கையெழுத்து போடும் இடத்தை மட்டும் யாரும் கவனிக்காதபடி தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தேன். பதினோராம் பக்கத்திலும் என் விரல்தான் இருந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

இப்போது என் வீட்டுக்காரர் அவள் தள்ளிய காகிதத்தைக் கையில் எடுத்தார். முகத்தருகே கொண்டுபோனார், பிறகு தள்ளிப் பிடித்தார். நான் அவசரமாக, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் அதை என்னிடம் நீட்டினார்.

"நீ படி. எனக்குக் கண்ணு தெரியல."

புரோக்கர் போனைக் கீழே வைத்தார். நான் படித்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவர் "ம்" என்றார், கூட்டுத்தொகையை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கடையையும் மெஷின்களையும் விற்றால் என்ன தேறும் என்று நான் அதற்குள் மனசில் போட்டுப் பார்த்துவிட்டேன். பாதிகூடத் தேறாது. அதையும் விற்றுவிட்டால் வாடகை வரும்வரை எதைத் தின்பது?

சாவி இல்லாமல் வெளியே வந்தோம். வாசலைத் தாண்டியதும் அவர் நின்றார்.

"நம்ம வீடு எதும்மா?"

மூன்றாம் மாடி, இடது கைப் பக்கம் கடைசி ஜன்னல் என்று காட்டினேன். அவர் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் நல்லா வரும்போல இருக்கே என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்துக் கட்டிடத்தை. புரோக்கர் எங்கள் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் பார்க்கும்போதே நான் என் வீட்டுக்காரர் தாடையைப் பிடித்து மெல்ல இந்தப் பக்கம் திருப்பினேன்.