பவுலினுக்கு வராத ஜெபம்

பக்கவாதத்தில் படுத்துவிட்ட மாமியாரைப் பல வருடமாகப் பவுலின்தான் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, நாத்தனார் வந்ததும் தாம்பரத்தில் ரயிலேறி வேலைக்குப் போவாள். ஒருநாள் கிழவி கஞ்சியை அவள் முகத்திலேயே துப்பியபோது, பவுலின் அவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஜெபம் வரவில்லை. பூசைக்குப் போனாலும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்திருக்க மாட்டாள்.

எண்பத்தேழாம் வருடத் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து ஸ்டேஷனிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டாள்.

"படுத்த படுக்கையா இருக்கிற மாமியாரை அடிச்சிட்டேன், ஃபாதர். கடவுள்கிட்ட பேசவே கூசுது."

குருவானவர் கேட்டார்: "அவங்களுக்குக் காது கேக்குமா?"

"கேக்கும். பேச்சுதான் வராது."

"கடவுள் உன்னை மன்னிக்கிறார்மா. அவங்ககிட்டயும் போய்க் கேளு. அதுதான் உனக்குப் பரிகாரம்."

வீட்டுக்கு வந்தவள், தோள்பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அன்னைக்கு உங்களை அடிச்சது தப்பு. மன்னிச்சிடுங்க."

கிழவி அவளையே பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பவுலினுக்கு அழுகை வந்தது. அதோடு, இத்தனை நாள் வராத ஜெபமும் வந்தது. பாதி சொல்வதற்குள் கட்டில் சட்டத்தில் தலைசாய்த்து அப்படியே தூங்கிப்போனாள்.