துள்ளின வண்டி

மட்டாஞ்சேரியில் தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஓர் ஆள் உயரத்துக்கு முப்பிடாதியின் முகம், கறுப்புக் கண்ணாடி, பின்னால் ஒரு குட்டி விமானம். 'தனியாக விமானம் ஓட்டிய எங்கள் தெருச் சிங்கம்' என்று தமிழிலும் மலையாளத்திலும் கொட்டை எழுத்து.

பார்த்ததும் செல்வலட்சுமிக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் பின்னே? இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே பயிற்சிப் பள்ளி, ஒரே விமானம், ஒரே சேவியர் சார். சொந்த மாமா மகள் வேறு. ஆனால் தனியாக விட்டது முப்பிடாதியை மட்டும்தான். செல்வலட்சுமி தரையிறக்கினால் சக்கரம் பட்டதும் வண்டி துள்ளும். அவள் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து சீட்டிலிருந்து சேவியர் சாரின் கை நீண்டு, எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளி, வண்டியை மறுபடி மேலே தூக்கிவிடும். அந்தக் கை வேண்டியிருக்கும்வரை அவளைத் தனியே அனுப்பமாட்டார்.

சாயா குடிக்கப் போனால்கூட நிம்மதி இல்லை. "முப்பிடாதி பறந்தாச்சு. நீ எப்போ மோளே?" என்று கேட்டே உயிரை எடுத்தார்கள்.

ஃபிளெக்ஸ் கட்டிய அன்று சாயங்காலம் பாராட்டுக் கூட்டம். லட்டு கொடுத்து, ஸ்பீக்கர் கட்டி, சங்கிலிப்பாண்டி மாமா மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். "ஏ மருமவளே, நீதான் கண்ணால பாத்தவ. எம் மவ எப்படி இறக்குனான்னு நாலு பேருக்குச் சொல்லு!"

சொல்கிறேன், நல்லாவே சொல்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். முப்பிடாதி தனியாகப் பறந்த அன்றைக்கு ஓடுபாதை ஓரத்தில் நின்று பார்த்தது அவளும் சேவியர் சாரும்தான். முப்பிடாதி வீட்டில் மூச்சுவிடாத ஒரு விஷயம் அவளிடம் இருந்தது.

"முதல் தடவ சரியா இறங்கல," என்றாள் மைக்கில். "தரையில பட்டு வண்டி துள்ளித் துள்ளிப் போச்சு, தவளை மாதிரி."

தெருவே சிரித்தது. மாமாவின் முகம் தொங்கிப்போனது. முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள். செல்வலட்சுமிக்கு ஜில்லென்று இருந்தது. அதோடு மைக்கைக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும். கூட்டத்தில் ஒரு சேட்டன் விடவில்லை. "எந்நிட்டு? அப்புறம் என்னாச்சு?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "அப்புறம்... த்ராட்டில முழுக்கத் தள்ளி மேல தூக்கிட்டா. பக்கத்துல சார் இல்ல. யாருமே இல்ல. ஒத்தையில ஒரு சுத்து சுத்தி வந்து, ரெண்டாவது தடவ பூ மாதிரி இறக்குனா."

சொல்லி முடித்தபோதுதான், தனக்குச் சேவியர் சாரின் கை செய்வதை முப்பிடாதி தானே செய்திருக்கிறாள் என்பது அவளுக்கே உறைத்தது. சிரித்த கூட்டத்திலிருந்தே கிளம்பியது பாருங்கள் விசிலும் கைதட்டலும்! மாமா கண்ணைத் துடைத்தார். முப்பிடாதி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "இதைச் சொல்ல எவ்வளவு பயந்தேன் தெரியுமாட்டி?"

மட்டம் தட்டப் போனவள் சிங்கத்தை இன்னும் பெரிய சிங்கமாக்கிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். சனியன் பிடித்த பொறாமை குறைந்ததா? இரண்டு மடங்கானது. அதுவரை ஃபிளெக்ஸைப் பார்த்து எரிந்தாள். இப்போது அந்தத் தைரியத்தைப் பார்த்து எரிந்தாள்.

அடுத்த வாரப் பயிற்சியில் அவளுடைய வண்டி தரையில் பட்டுத் துள்ளியது. வழக்கம்போல் சேவியர் சாரின் கை நீண்டது. ஓடுபாதை ஓரத்தில் முப்பிடாதி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கையை எடுங்க சார்!" என்று கத்திவிட்டு, செல்வலட்சுமி தானே த்ராட்டிலை முழுக்கத் தள்ளினாள்.

வண்டி ஏறியது. சுற்றி வந்து சக்கரம் தரையில் ஊன்றும்வரை சேவியர் சாரின் கை அவர் மடியிலேயே இருந்தது.