நன்றிக்கு ஒரு பாட்டில்

தையல்காரி வீட்டுக்குள் கால் வைத்ததுமே வினிகர் நெடி மூக்கில் ஏறியது. நாள் முழுக்கக் கடையில் ஜிப் மாற்றி, கால்சட்டை மடித்துத் தைத்து, முதுகு விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. சமையலறையில் அவள் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஊறிய ஆரஞ்சுத் தோல்கள் பெரிய ஜாடியில் மிதந்தன.

"வந்துட்டியா? இதை வடிகட்டணும். நல்ல துணியா ஒண்ணு எடு."

"மொதல்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கறேங்க."

வேன் ஓட்டி ஊரெல்லாம் சுற்றிய மனிதர். சில மாதங்களுக்கு முன்னால், அவள் கடையில் இருந்த ஒருநாள், பெண்டாட்டிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று பாத்ரூம் கழுவ இறங்கினார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரிலேயே ஆசிட்டையும் ஊற்றினால் அழுக்கு அலறிக்கொண்டு ஓடும் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். ஓடியது அழுக்கு இல்லை, அவருடைய மூச்சு. கிளம்பிய புகையில் உள்ளேயே விழுந்துவிட்டார். சத்தம் கேட்டு மேல்மாடி எலக்ட்ரீஷியன் கதவை உடைத்தான். கீழ்வீட்டு டீச்சர் தன் காரில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது.

உயிர் திரும்பியது, நுரையீரல் முழுசாகத் திரும்பவில்லை. ஒரு மாடி ஏறினால் துருத்தி மாதிரி இரைக்கும். வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்தாயிற்று. வீட்டில் கெமிக்கல் நெடியுள்ள எதுவும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வினிகரில் ஆரஞ்சுத் தோலை ஊறவைத்துத் துடைக்கச் சொல்லி வார்டு நர்ஸ் யோசனை கொடுத்தாள். தோலைப் பதினைந்து நாள் ஊறவிட்டு, வடிகட்டி, சரிபாதி தண்ணீர் விட்டால் அடுப்பு மேடைப் பிசுக்கு வழித்துக்கொண்டு வந்தது. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. "உயிரக் காப்பாத்தினவங்களுக்கு வெறுங்கையோடயா போய் நிக்கறது? ஆளுக்கு ஒரு பாட்டில் குடுப்போம். நம்ம கையால பண்ணது."

அவர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்ததால் அவளும் தலையாட்டிவிட்டாள். அந்தத் தலையாட்டலுக்கு அவளுடைய சாயங்காலங்கள் எல்லாம் பலியாயின. வேலை விட்டு வரும் வழியில் ஜூஸ் கடையில் நின்று தோல் வாங்க வேண்டும். அழுகலைப் பொறுக்கி எறிந்து, கழுவி, நறுக்கி, ஊறப்போட வேண்டும். பழைய பாட்டில்களில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டிச் சுரண்டி நகக்கண் எரிந்தது. அவர் கொஞ்ச நேரம் நறுக்குவார், இரைக்கும், கத்தியைக் கீழே வைத்துவிடுவார். யோசனை அவருடையது, உடம்பு அவளுடையது.

கொடுக்க வேண்டியவர்களும் கூடிக்கொண்டே போனார்கள். எலக்ட்ரீஷியன், டீச்சர், நர்ஸ் என்று தொடங்கியது வாட்ச்மேன், வேன் முதலாளி என்று நீண்டது.

"ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணாரே எதிர்வீட்டுக்காரர், அவர விட்டுட்டோமே," என்றார் ஒருநாள்.

"ஆம்புலன்ஸ்தான் வரவே இல்லையே."

"அதுக்கு அவர் என்ன பண்ணுவார் பாவம்? அவருக்கும் ஒண்ணு."

சனிக்கிழமை ஒருவழியாக எல்லாப் பாட்டில்களும் நிரம்பி மேடையில் வரிசை கட்டி நின்றன. அப்பாடா என்று அவள் குளிக்கப் போனாள். தலையில் தண்ணீர் ஊற்றியிருப்பாள், சமையலறையில் டப்பென்று ஒரு சத்தம். அடுத்து இன்னொன்று. அதற்குள் அவருடைய இருமல்.

அந்த இருமல் அவளை ஈரத்தோடு இழுத்துக்கொண்டு வந்தது. மேடையெல்லாம் நுரை. மூடிகள் மூலைக்கு ஒன்றாகத் தெறித்துக் கிடந்தன. சட்டை நனைந்து அவர் சுவரோடு ஒட்டி நின்றார். அவள் ஜன்னலையெல்லாம் அடித்துத் திறந்தாள், அவர் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"என்னத்த கலந்தீங்க? சொல்லுங்க, என்னத்த கலந்தீங்க?"

"சமையல் சோடாதான். சாப்பிடற சாமான்தானே? இன்னும் பவரா இருக்குமேன்னு... போட்டு இறுக்கி மூடினேன்."

விஷயம் விளங்கியதும் அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சோடா நுரை ஆளைக் கொல்லாது. ஆனால் அதற்குள் அவளுக்கு உயிர் போய்த் திரும்பியிருந்தது.

"எதையாவது எதோடயாவது கலக்காம உங்களால இருக்கவே முடியாதா?"

அவர் தரையைப் பார்த்தார். "எல்லாம் நீயே பண்ற. நானும் ஒண்ணாவது பண்ணணும்னு பாத்தேன்."

கோபப்படத் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை. துணியை எடுத்துத் துடைத்தாள். காய்ந்ததும் தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. மறுபடி துடைத்தாள். அவர் கை வைக்காத பாட்டில்கள் கொஞ்சம்தான் தேறின.

மறுநாள் மதியம் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுக்குப் போனாள். டீச்சர் பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கும்மா இதெல்லாம்? சரி, உக்காரு, டீ போடறேன்."

"வேணாம் டீச்சர், கிளம்பறேன்," என்று சொல்லிக்கொண்டேதான் சோபாவில் உட்கார்ந்தாள். மெத்தை உள்வாங்கியது. உள்ளே பால் பொங்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

விழித்தபோது தலைக்கடியில் தலையணை இருந்தது. டீ ஆறிப்போய் மூடி வைத்திருந்தது. ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. வீட்டில் யாரும் இல்லை. அவருக்கு மதிய மாத்திரை கொடுக்கவில்லை என்பது நினைவுக்கு வர, செருப்பைக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. சாப்பாட்டு மேஜையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு டீச்சர் திருத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவள் கணவர் மூக்குக் கண்ணாடியோடு மார்க் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மாத்திர போட்டாச்சு," என்றார் டீச்சர், அவள் கேட்கும் முன்பே. "சார் கணக்குல புலி. எனக்கு எப்பவும் கூட்டல்ல உதைக்கும்."

"நன்றி சொல்ல வந்தவ தூங்கிட்டேன் டீச்சர். மானம் போச்சு."

"நான்தான் எழுப்பல. மூஞ்சியப் பாத்தா எழுப்பத் தோணுமா?" டீச்சர் பேனாவை மூடினார். "இந்தா பாரும்மா, பாட்டில் நல்லாருக்கு. ஆனா இனிமே இத யாருக்கும் பண்ணாத."

"மிச்சப் பேருக்கு?" என்றார் கணவர், விடாமல்.

"வாயால சொல்லுங்க சார். அதுக்கு உங்க மூச்சு போதும்."

அவர் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார். இத்தனை நாளும் தோலும் ஜாடியும் பாட்டிலுமாக ஓடியதில், அந்த ஒரு வார்த்தையை அவர் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. வாயைத் திறந்தார்; இருமல் முந்திக்கொண்டது. டீச்சர் அவசரப்படாமல் காத்திருந்தார்.

"அன்னிக்கு நீங்க இல்லேன்னா..." என்று தொடங்கினவர், கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "ரொம்ப நன்றி டீச்சர்."

"சரி, அடுத்த தாளக் கூட்டுங்க," என்றார் டீச்சர்.

சமையலறை மூலையில், கொட்டிப்போனதற்குப் பதிலாகப் பண்ண வாங்கிய தோல் ஒரு பை நிறையக் கிடந்தது. தையல்காரி அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். திரும்பி வந்து, கையைக்கூடக் கழுவாமல் உள்ளறைக் கட்டிலில் சாய்ந்தாள். நாளைக்கு மறுபடி கடை. வெளியே அவர் இரைக்க இரைக்க மார்க் கூட்டிக்கொண்டிருந்தார். நடுவில் டீச்சர் எதற்கோ சிரித்தார். எழுந்து போய் என்னவென்று கேட்கலாம் என்று நினைத்தாள், எழவில்லை.