சேர்த்துக்கொண்டது ஒருவரை

“இதுக்கு முன்னால நெஞ்சுவலி, மாரடைப்பு ஏதாவது வந்திருக்கா?” என்று நர்ஸ் ஜெயஸ்ரீ கேட்டதும் தாமோதரன் மனைவியைப் பார்த்தார்.

“அதெல்லாம் ஒண்ணியும் வர்லம்மா. வாய் மட்டும்தான் அதுக்கு ஜாஸ்தி” என்றாள் மங்கை.

சர்க்கரை நோய்க்கு வாரம் ஒரு முறை போடும் புது ஊசி, ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததைப் படித்துவிட்டு வந்தவள் அவள்தான். தாமோதரன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டியவர். கடலுக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்தனுப்பினால் அப்படியே திரும்பி வரும். போன தை மாதம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலைசுற்றி விழுந்தார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பெரிய படகில் ஏற்றவில்லை. வாரம் ஒரு ஊசி என்றால் தானே இழுத்து வந்து போட்டுவிடலாம் என்று மங்கை கணக்குப் போட்டாள். “நீயும் பேர் குடு. அப்பத்தான் நானு வருவேன்” என்றார் அவர். அவளுக்கும் பதினொரு வருடமாகச் சர்க்கரை. திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீனோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அதை நினைக்க நேரமிருந்ததில்லை.

பதினெட்டு வயதுக்கு மேல், அறுபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவராக இருக்கக் கூடாது. மூன்று மாதச் சர்க்கரை அளவு அவர்கள் சொல்லும் எல்லைக்குள் இருக்க வேண்டும். இதயமும் கிட்னியும் சரியாக இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். ஜெயஸ்ரீ நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இருவரும் கையெழுத்துப் போட்டு, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

பத்து நாள் கழித்து முடிவு தெரிந்துகொள்ளப் போனபோது தாமோதரன் டீ குடிக்க வெளியே போயிருந்தார்.

“அவரைச் சேர்த்துக்கிட்டாங்கம்மா. உங்களைச் சேர்க்க முடியாது” என்றாள் ஜெயஸ்ரீ.

“ஏன், வயசா?”

“வயசில்ல. கிட்னி. சுத்தம் பண்ற அளவு நாப்பத்தஞ்சாவது இருக்கணும். உங்களுக்கு இருபத்தாறு.”

மங்கை மேசையில் இருந்த ரிப்போர்ட்டைத் தன் பக்கம் திருப்பினாள். “சீக்கு ஜாஸ்தி ஆனவங்களுக்குத்தானம்மா மருந்து குடுக்கணும்?”

“புது மருந்தும்மா. உங்க உடம்பு தாங்குமான்னு யாருக்கும் தெரியாது. உங்களுக்கு வேற வைத்தியம் இருக்கு. ரெண்டாவது மாடி. இன்னிக்கே போங்க.” சீட்டெழுதிக் கையில் கொடுத்தாள்.

“அதுக்குத் தெரிய வாணாம். தெரிஞ்சா ஊசியும் வாணாம் ஒண்ணியும் வாணாம்னு எழுந்து பூடும்.”

“நானா சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும், சீக்கிரம்.”

வாசலில் நின்ற தாமோதரனிடம், “எனுக்கு சக்கரை கம்மியா கீதாம். அதான் வாணான்ட்டாங்க” என்றாள். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மறுநாள் மீன் ஏலக் கொட்டகையில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பெண்டாட்டியைப் பற்றி வெளியில் அவர் பெருமை பேசியது அதுதான் முதல் தடவை.

ஒவ்வொரு வியாழனும் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அவரை ஊசி அறை முன்னால் உட்கார வைத்துவிட்டு, மருந்துச் சீட்டு வாங்கி வருவதாகச் சொல்லி மங்கை மாடி ஏறுவாள். பொட்டாசியம் ஏறியிருக்கிறது, இளநீர், வாழைப்பழம் தொடக் கூடாது என்று மேலே சொல்லியிருந்தார்கள். கீழே இறங்கினால் தாமோதரன் ஆஸ்பத்திரி வாசலில் இளநீரோடு நிற்பார். “எனுக்குத்தான் ஆயிரம் கட்டுப்பாடு. உனுக்கு இன்னா, குடிமே.” அவள் ஒரு வாய் உறிஞ்சுவாள். அவர் பஸ் வருகிறதா என்று திரும்பும்போது மீதியைச் சாக்கடையில் கவிழ்ப்பாள். இன்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். அவர் இப்போது மாத்திரையையும் மறக்காமல் போடுகிறார், தலைசுற்றல் இல்லை என்கிறார். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று விட்டாள்.

ஏழாவது வியாழன் மாடியில் கூட்டம். அவள் இறங்கி வரவில்லை. தாமோதரன் இளநீரைக் கையில் பிடித்தபடி தேடிக்கொண்டு படியேறினார். இரண்டாவது மாடியில் ஒரு ஊழியர் தடுத்தார். “யாருக்குங்க இது? இங்க கிட்னி பேஷன்ட். இளநி குடுத்துடாதீங்க, உயிருக்கே ஆபத்து.”

தாமோதரன் ஊழியரின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். மூன்றாவது பெஞ்சில் மங்கை உட்கார்ந்திருந்தாள்.

அவர் அவளிடம் போகவில்லை. இளநீரைச் சுவரோரம் வைத்துவிட்டு நேராக ஜெயஸ்ரீயிடம் இறங்கிப் போனார். “என் பேர அடிச்சுட்டு அத்தச் சேத்துக்கம்மா.”

“அப்படி மாத்த முடியாதுங்கய்யா. ஆராய்ச்சில சில பேருக்கு வெறும் தண்ணிதான் போடுவாங்க. உங்க ஊசில மருந்து இருக்கான்னு எனக்கே தெரியாது. அவங்களுக்கு அது கெடுதலாகூட ஆகலாம்.”

“ஏழு வாரமா நானு அதுக்கு இளநி வாங்கிக் குடுத்துகினு கீறேன்மா” என்றார் அவர். ஜெயஸ்ரீ நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

எண்ணூர் பஸ்ஸில் இரண்டு பேர் இருக்கை கிடைத்தது. தண்டையார்பேட்டை தாண்டியதும் தாமோதரன் அவள் பக்கம் திரும்பினார்.

“ஏன்மே சொல்லல?”

“நீ ஊசியாண்ட போவ மாட்டயேன்னுதான்யா. இனிமேட்டும் வாராவாரம் வருவ இல்ல?”

அவர் குனிந்து அவள் புடவைக் கரையைச் சற்று ஒதுக்கி, வீங்கிய கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். கையை எடுத்த பிறகும் விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது. அது மேலே எழும்புகிறதா என்று, பஸ் குலுங்கிக் குலுங்கிப் போக, அவர் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.