அசைகிறவருக்கே படம்

ஒரு தகப்பனின் கடைசி முகத்துக்கு ஊர்காவற்றுறையில் இன்றைய விலை முப்பத்தையாயிரம் ரூபாய். இரண்டு கமரா, நேரலை, எந்த நாட்டிலிருந்தும் திறக்கக்கூடிய இணைப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். ட்ரோன் மேலே பறந்து எடுப்பதற்குப் பன்னிரண்டாயிரம் கூட. தாய்க்கும் அதே விலைதான். தாய்க்கென்றால் பிள்ளைகள் கூடத் தருவார்கள் என்பது பிரியவதனிக்குத் தெரியும். ஆனால் ஒரே ஊரில் இரண்டு விலை சொல்லித் தொழில் நடத்த ஏலாது.

ஜெட்டிக்குப் போகும் வழியில் இருந்தது அவளுடைய கடை. ‘என்றென்றும் இணையத்தில்’ என்று பலகையில் எழுதியிருந்தாள். வியாபாரமே அந்த இரண்டு சொல்லில்தான் நின்றது. ரொறன்ரோ மகனோ சூரிச் மகளோ வட்ஸ்அப்பில் பேரம் பேசி அவளை மூலைக்குத் தள்ளும்போது கடைசியாக அதைத்தான் எடுத்து வீசுவாள். மற்றவர்கள் தருகிற சீடி பூஞ்சணம் பிடிக்கும் அண்ணை, நான் தாறது அழியாது என்பாள். அதற்குமேல் ஒருவரும் குறைத்துக் கேட்டதில்லை.

அந்த அழியாமைக்கு அவளுக்கு ஒரு சதமும் செலவில்லை. செத்தவீடு முடிந்ததும் கமராவில் இருப்பதைத் துடைத்து அடுத்த செத்தவீட்டுக்குத் தயாராக்கி விடுவாள். படம் சமூக வலைத்தளத்தில் அவளுடைய பக்கத்தில் கிடக்கும். தளத்துக்காரன் சும்மா வைத்திருப்பான். மற்றவன் வீட்டு அலுமாரியில் சாமானை அடுக்கிவிட்டு, திறப்பு என்னிடம் இருக்கிறது என்று சொல்லி விற்கிற மாதிரியான தொழில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவளுடைய தகப்பன் கொழும்பில் இன்னொருவனின் கிட்டங்கியைக் காட்டியே பத்து வருடம் மிளகாய் விற்றவர்.

தளம் அடிக்கடி கடிதம் எழுதும். ஆங்கிலத்தில், கலியாணவீட்டுக்கு அழைக்கிற சந்தோசத்தோடு எழுதும். தன்னைக் கடித்த மாற்றங்களை மட்டும் பிரியவதனி வாசித்தாள். பக்கத்தில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு காலத்தில் மதிப்பிருந்தது. இப்போது எத்தனை தரம் பார்த்தார்கள் என்பது மட்டும்தான் கணக்கு. இணைப்பைப் பதிவுக்குள் போட்டால் ஆட்களுக்குக் காட்டாது. முதல் கொமென்றில் ஒளித்துப் போடவேண்டும். செத்தவீட்டுப் படத்துக்குக் கீழே, இதற்கு ஒரு துள்ளல் பாட்டைச் சேர்த்தால் இன்னும் பலர் பார்ப்பார்கள் என்று யோசனை சொல்லும். இவையெல்லாம் அவளுக்குச் செமித்தன. செமிக்காமல் போனது நெட்டைப் படம்.

இனி எந்தப் படமும் போனின் உயரத்துக்குத்தான் என்று தளம் முடிவெடுத்திருந்தது. அகலமாக எடுத்ததைத் தானே வெட்டும். ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் புதிதாக வெட்டிக் கொடுக்கும். முழுப்படம் ஒருவருக்கும் கிடையாது. எங்கே வெட்டுவது என்பதற்கு அது வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. யார் அசைகிறாரோ அவரை நடுவில் வைத்து அவருக்குப் பின்னால் போகும். பாடுகிறவருக்கும் ஆடுகிறவருக்கும் நல்ல ஏற்பாடுதான். செத்தவீட்டில் அசையாமல் கிடப்பவர் ஒருவர். காசு வாங்கியது அவருக்காக.

சூரிச்சிலிருந்து ஒரு மகள் போன் எடுத்தாள். “அம்மாவை ஒரு இடத்திலயும் காணேல்ல. மூண்டு மணித்தியாலமும் சோடா குடுக்கிற மனிசனைத்தான் பாத்தனான்.”

பறந்து எடுத்த காசைத் திருப்பிக் கொடுத்து அந்த வாயை அடைத்தாள்.

கரம்பொன் பரமலிங்கம் செத்தது அதற்குப் பிறகு. அவருடைய ஒரே மகன் நிரோஜன் பரிஸில், ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். போய்ப் பல வருடமாகியும் வதிவிடக் காகிதம் கிடைக்கவில்லை. வந்தால் திரும்பிப் போக ஏலாது. ஆகவே வரவில்லை. கொள்ளி வைத்தது பெறாமகன், தம்பியின் பிள்ளை. நிரோஜன் விலை கேட்டான், அவள் சொன்னாள், அன்றே காசை அனுப்பிவிட்டான். பேரம் பேசவில்லை. பேரம் பேசாதவனிடம் வாங்கிய காசு பிரியவதனிக்கு எப்போதும் இடைஞ்சல். பிறகு அவன் எதைக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல வாய் வராது.

இரண்டு கிழமை கழித்து அவன் போன் எடுத்தான். நேரலை நடந்தபோது வேலைத்தலத்தில் நின்றிருக்கிறான். திறந்ததும் பறைச் சத்தம் கேட்டது, முகம் தெரிவதற்கு முதலே மூடிவிட்டான். அதற்குப் பிறகு தொடவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு லீவு எடுத்திருக்கிறானாம். அறையில் தனிய இருந்து முழுக்கப் பார்ப்பானாம்.

“அப்பாவின்ர முகம் வடிவா விழுந்திருக்குத்தானே அக்கா? எனக்கு அது ஒண்டுதான் இருக்கு.”

ஓம் என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் அவள் படத்தைத் திறந்தாள். சோடாக்காரனைத்தான் எதிர்பார்த்தாள்.

படம் பிரேதப் பெட்டியின் கால்மாட்டில் தொடங்கியது. உடனே பக்கவாட்டில் நகர்ந்து, சுவரோரமாக இருந்த ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் போய் நின்றது. கதிரையில் ஒருவரும் இல்லை. ஒரு பக்கம் பறை அடிக்கிறார்கள், பெண்கள் நெஞ்சில் அடித்து அழுகிறார்கள், சோடா போகிறது. வீடு முழுக்க அசைவு. படம் அந்த வெறுங்கதிரையை விட்டு நகரவில்லை. பிறகு, இருந்தவர் எழும்புகிறதுபோல, மெதுவாக மேலே உயர்ந்தது. சுவரை ஒட்டிக்கொண்டு போனது. குசினி வாசற்படியில் தயங்கி நின்று, ஒரு சின்னக் குலுக்கலோடு இறங்கியது. அங்கே நின்றது. திரும்பி வந்தது. பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து, ஒரு மூச்சு நேரம் கீழே குனிந்தது. அப்போது மட்டும் பரமலிங்கத்தின் முகம் தெரிந்தது. பிறகு தெருவாசல் கேற்றடிக்குப் போனது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் தெருவில் இறங்கியபோது படம் அவர்களோடு போகவில்லை. சுடலைக்குப் போகாமல் கேற்றோடு நின்றுவிடுகிற பெண்களுக்குப் பக்கத்தில், தூணடியில், தானும் நின்றது. பறைச் சத்தம் தேய்ந்து முடியும்வரை தூண்தான்.

இயந்திரத்துக்குப் பைத்தியம் என்று மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். அதே கதிரை. வேறு போனில் திறந்தாள். அதே சுவர், அதே படி, அதே குலுக்கல். இறக்கி எடுத்துப் பார்த்தாள், வெட்டினதுதான் இறங்கியது. குளிர்கிறதென்று கடை விசிறியை நிறுத்தினாள்.

அடுத்த நாள் கரம்பொனுக்குப் போனாள். செத்தவீட்டில் வேறு யாராவது போனில் படம் எடுத்திருந்தால் வாங்கிவிடலாம் என்பது நோக்கம். பரமலிங்கத்தின் மனைவி இலட்சுமிப்பிள்ளை தனியே இருந்தார். பெட்டி வைத்த இடத்தில் விளக்கும் ஒரு தம்ளர் தண்ணீரும். பிரியவதனி களைத்துப்போய்ச் சுவரோரக் கதிரையைப் பிடித்தாள்.

“அதில இருக்காதையும் பிள்ளை,” என்றார் அவர், சாதாரணமாக, ஈரப் பெயின்றைக் காட்டுகிறவரைப்போல. உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார்.

வேறு படம் யாரிடமும் இல்லை. பிரியவதனி தன் போனை நீட்டினாள். காட்ட வேண்டுமென்று வரவில்லை; ஆனால் தனிய வைத்திருக்கவும் ஏலவில்லை. கிழவி போனைத் தாம்பாளம்போல இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். படத்தின் மூலையில் தான் அழுதுகொண்டிருப்பதை அவர் கவனிக்கவில்லை. படம் கதிரையிலிருந்து எழும்பி நகரத் தொடங்கியதும் தலையாட்டினார்.

“சுவரைப் பிடிச்சுக்கொண்டுதான் போவார். முழங்கால் நோ.” குசினி வாசலில் படம் நின்றபோது, “தேத்தண்ணி கேக்கிறார். அண்டைக்கு ஆர் அடுப்பு மூட்டினது?” என்றார்.

விலை சொல்லத் தெரியாத சாமானைக் கையில் வைத்திருப்பது பிரியவதனிக்கு அதுதான் முதல்தடவை.

“இது எவ்வளவு காலத்துக்கு இருக்கும் பிள்ளை?”

“எப்பவும் இருக்கும் அம்மா,” என்றாள் பழக்கத்தில்.

கிழவியின் முகம் மாறியது. போனை மடியில் கவிழ்த்து வைத்தார். “முப்பத்தொண்டோட அவர் போகவேணும். நீர் இதுக்குள்ள பிடிச்சு வைச்சிருந்தால் குருக்கள் ஆரை அனுப்புறது?”

பிரியவதனி போனை வாங்கிக்கொண்டு எழும்பினாள். கடைக்கு வந்து, தளம் எழுதிய கடிதங்களை முதன்முறையாக அடிவரைக்கும் வாசித்தாள். ஒரு கடிதத்தின் வாலில் கிடந்தது: நேரலைகள் இனி முப்பது நாளுக்குத்தான் இருக்கும், பிறகு தாமாக அழிந்துவிடும். பதறிப்போய்ப் பக்கத்தைக் கீழே இழுத்தாள். புங்குடுதீவு இல்லை. வேலணை இல்லை. சூரிச் மகளின் தாய் இல்லை. எத்தனையோ வீட்டின் அழுகை இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

அதைவிட அவளை உலுக்கியது வேறொன்று. மாதக்கணக்காக இது நடந்திருக்கிறது, ஒருவர்கூட முறையிடவில்லை. காசு கொடுத்தவர்கள் எவரும் திரும்பத் திறந்து பார்க்கவில்லை. அவள் இல்லாத ஒன்றை விற்றாள். அவர்கள் வாங்கியதைத் தேடவில்லை.

பரமலிங்கத்தின் படம் மிச்சமிருந்தது. செத்த அடுத்த நாள் எடுத்ததால், அந்தியேட்டி முடிந்து மறுநாள் அழியும். கீழே ஒரு பொத்தான் இருந்தது: அழிப்பதை ஆறு மாதம் ஒத்திவைக்கலாம்.

நிரோஜனுக்குப் போன் எடுத்து, விற்ற சாமானின் பழுதை வாழ்க்கையில் முதல்தடவையாக வாயால் சொன்னாள். அழியப்போகிறது என்றாள். முகம் ஒரு மூச்சு நேரம்தான் வருகிறது என்றாள். கதிரையைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் கோப்பைகள் உரசும் சத்தம் நின்றது.

“ஒத்திவையுங்கோ அக்கா. அந்த ஒரு மூச்சாவது இருக்கட்டும்.”

தாய் சொன்னதைச் சொன்னாள். அம்மாதான் சொன்னவவோ என்று மட்டும் அவன் கேட்டான்.

“கிரியை முடியட்டும் தம்பி. நான் சொன்ன பிறகு திறந்து பாரும். பாத்திட்டு நீர் சொல்லும், அதுவரைக்கும் பொத்தானைத் தொடமாட்டன்.”

முப்பத்தொன்றுக்குக் கமரா இல்லாமல் போனாள். ஆண்கள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி முடித்து வந்தார்கள்; வீட்டுக் கிருத்தியம் நடந்தது. தானமாக வைத்த குடை, செருப்பு, பாய், செம்பு எல்லாவற்றையும் குருக்கள் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டார். கிழவி அந்தக் கதிரையையும் கொண்டுவந்து வைத்தபோது மட்டும், ஓட்டோவில் இடமில்லை என்றார். ஓட்டோவில் இடம் இருந்தது.

எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் பிரியவதனி நிரோஜனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, தானும் படத்தைத் திறந்தாள். கால்மாட்டில் தொடங்கியது. பக்கவாட்டில் நகரவில்லை. நேரே மேலே போய்ப் பரமலிங்கத்தின் முகத்தில் நின்றது. பறைக்காரர் குறுக்கே போனார்கள், சோடா போனது, அழுகிறவர்கள் விழுந்து எழும்பினார்கள், படம் இமைக்கவில்லை. கேற்றடியில் தயங்காமல் பெட்டியோடு தெருவில் இறங்கியது. அந்த வீட்டுக்குள் பின்தொடர இனி ஒருவரும் இல்லை.

கிழவியிடம் காட்டினாள். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய் அந்தச் சுவரோரக் கதிரையில் தானே இருந்தார்.

பின்னேரம், அவள் அந்த வீட்டு வாசலில் இருந்தபோது, நிரோஜன் வீடியோ அழைப்பில் வந்தான். ஒரு கட்டில், ஒரு யன்னல், படி இறங்கும் ஒரு சமையல் மூலை, சட்டை போட்டிருந்த ஒரு கதிரை, அதோடு அறை முடிந்தது. கண் வீங்கியிருந்தது, ஆனால் குரலில் பாரம் இல்லை.

“முழுக்க அப்பாதான் அக்கா. ஒருக்காலும் விலகேல்ல. நீங்கள்தான் பயப்படுத்திப் போட்டியள். எனக்குக் காணும். இனி அழிஞ்சாலும் பரவாயில்லை.”

காசு கொடுத்தவன் திருப்தி, தாய் திருப்தி. பொத்தானைத் தொடவேண்டியதில்லை. நல்லது தம்பி என்று சொல்ல வாயெடுத்தபோது அவனுடைய முகம் திரையின் ஓரத்துக்குப் போனது.

அசைகிறவரை நடுவில் வைக்கிற அதே ஏற்பாட்டைத் தளம் அழைப்புகளுக்கும் போட்டிருந்தது. அறையில் அசைந்தவன் நிரோஜன் மட்டும்தான். ஆனால் படம் அவனை விட்டு விலகியது. ஒரு கன்னம், ஒரு காது, பிறகு குரல் மட்டும். சுவரை ஒட்டி மெதுவாகப் போனது. சமைக்கிற மூலைக்கு இறங்கும் படியில் தயங்கி, ஒரு சின்னக் குலுக்கலோடு இறங்கியது. அடுப்பைப் பார்த்தபடி நின்றது. திரும்பி வந்தது. சட்டை போட்டிருந்த கதிரைக்குப் பக்கத்தில் வந்து, இருக்கவும் இல்லாமல் போகவும் இல்லாமல், காத்து நின்றது.

“அக்கா, கேக்குதோ? ஏன் பேசாமல் இருக்கிறியள்?”

“கேக்குது தம்பி.” போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். “அந்தக் கதிரையில கிடக்கிற சட்டையை எடுத்து விடும்.”

“ஏன்?”

“சும்மா. ஆரும் வந்தால் இருக்க வேணும்.”

சிரித்துக்கொண்டு அவனுடைய கை வந்து சட்டையை எடுத்தது. படம் மெல்லத் தாழ்ந்து கதிரையின் உயரத்தில் அமர்ந்தது.

உள்ளேயிருந்து கிழவி கேட்டார். “என்னவாம் மகன்? அவர் போயிட்டாரெண்டு சொல்லும்.”

“ஓம் அம்மா, போயிட்டார்,” என்றாள் பிரியவதனி. எங்கே என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் படம் அழிந்தது. பலகையில் இருந்த ‘என்றென்றும்’ என்ற சொல்லைக் கடைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, இருந்து கணக்குப் பார்த்தாள். வாங்கியது: முப்பத்தையாயிரம். கொடுத்தது: ஒரு முகம், ஒருமுறை. சொல்லியும் கொடுக்காதது: என்றென்றும். சொல்லாமல் கொடுத்தது: கரம்பொனிலிருந்து பரிஸுக்கு ஒருவழிப் பயணம், விசா இல்லாமல், அதற்கு அவளிடம் விலைப்பட்டியல் இல்லை. ஆக நிரோஜனோடு கணக்குச் சரி. அழிந்துபோன மற்ற வீடுகளுக்குக் கடன்தான். கேட்டு வருகிறவர்களுக்குப் பார்த்துக் காசைத் திருப்பிக் கொடுக்கலாம். இலட்சுமிப்பிள்ளைக்கு, அவர் எங்கே போனார் என்ற ஒரு பதில் பாக்கி.