நாலாவது வார்த்தை

“பெரிய வெள்ளிக்கு நாலாவது வார்த்தை எனக்கு வேணும்.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அப்பா நேற்றுகூடக் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார். அதே அப்பா இப்போது ஆலயத்தின் பக்க அறையில், கதவோரம், ஈரத்துணியும் கையுமாக நின்றார். ஆலயத்தைக் கூட்டித் துடைத்து மணி அடிப்பவர் அவர்தான். பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறை வீடு அந்த வேலையோடு வந்தது.

இயேசு உயிர்விட்ட நாள் பெரிய வெள்ளி. சிலுவையில் அவர் பேசிய ஏழு வார்த்தைகளை அன்று ஏழு பேர் விளக்குவார்கள். நாலாவது, ‘ஏன் கைவிட்டீர்’ என்ற கதறல். அது சபைச் செயலாளரின் பரம்பரைச் சொத்து. அவருக்கு முன்னால் அவர் அப்பா. ஜெபம் முடியுமுன்பே முந்திக்கொள்வதால் இளவட்டங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அவசர ஆமென்’.

“பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கும்மா மேடை?” என்றார் அவசர ஆமென். “வேணும்னா மூணாவதை எடுத்துக்க. தாய், மகன்னு உருக்கமா அழுதுட்டுப் போகலாம்.”

“அழுறதுக்கு வரல ஐயா. பிதா முகத்தைத் திருப்பிக்கிட்டார்னு வருஷா வருஷம் சொல்றீங்க. அந்தக் கதறல் பழைய ஏற்பாட்டுல இருபத்திரண்டாம் சங்கீதத்தோட முதல் வரி. சிலுவையடியில நடந்த மாதிரியே உடுப்புக்குச் சீட்டுப் போடுற இடம் வரைக்கும் படிச்சு, தீர்க்கதரிசனம் நிறைவேறிடுச்சுன்னு புத்தகத்தை மூடிடுறீங்க. இன்னும் கொஞ்சம் கீழ வந்தா, துன்பப்பட்டவனை அவர் வெறுக்கல, முகத்தை மறைக்கல, கூப்பிட்டப்ப கேட்டார்னு இருக்கு. அதுவும் அதே தீர்க்கதரிசனம்தானே?”

“நாலு எழுத்துப் படிச்சதும் நமக்கே பாடம் எடுக்க வந்துட்டா,” என்று அவர் மேசைக்குப் பின்னால் இருந்த போதகரைப் பார்த்துச் சிரித்தார்.

போதகர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த பெயர்ப் பட்டியலைப் புரட்டினார். மதில்மேல் பூனையாக இருந்தே காலத்தை ஓட்டிய மனிதர்.

வாதத்தில் ஜெயித்து அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். போன பெரிய வெள்ளியன்று ஒலிபெருக்கியில் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டவள், அதோடு ஜெபத்தை விட்டுவிட்டாள். “சொந்த மகனுக்கே முகத்தைத் திருப்பினவரு, என்னையா பார்க்கப்போறாரு?” மகள் மிச்ச வசனங்களை வாசித்துக் காட்டினாள். “நீ வீட்டுல படிக்கிறது வேறடி, சபையில சொல்றது வேற,” என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“ஐயா,” என்றாள் போதகரிடம், “எங்கம்மாவுக்கு இந்தப் பெரிய வெள்ளிதான், அடுத்த வருஷம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

போதகர் கனைத்தார். “வேணும்னா, செயலாளரையே முழுசா வாசிக்கச் சொல்லி...”

“முறைன்னு ஒண்ணு இருக்கு ஐயா,” என்று அவசர ஆமென் அங்கேயும் முந்தினார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். “வீடு சபையோடது. ஞாபகம் இருக்குல்ல? பிள்ளைய அடக்கி வை.”

“மன்னிச்சிடுங்க ஐயா. ஏதோ தெரியாம பேசுது.”

நோயாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்ற கேள்வி பல நாளாக அவளைத் தூங்க விடவில்லை. இன்று காலை, இங்கே வருவதற்கு முன்பே, தான் வேலை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்தில் ஒரு அறை பேசி முடித்திருந்தாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

“மேடை வேண்டாம் ஐயா,” என்றாள் அவசர ஆமெனிடம். “அம்மாவைச் சக்கர நாற்காலியில வச்சு முன்வரிசைக்குக் கொண்டுவருவேன். நீங்க புத்தகத்தை மூடுற இடத்துல எந்திரிச்சு, மிச்சத்தை நான் படிப்பேன். சபைக்கு நடுவுல.”

“அப்ப வீடு?” என்றார் அவர்.

“நாளைக்கே காலி பண்றோம்.”

அப்பா தலை நிமிர்ந்தார். அந்தப் பார்வை கோபமா, பயமா, அவளுக்குப் புரியவில்லை. அவர் கூட வருவாரா என்பதும் தெரியவில்லை. கேட்டால் தன் கால் பின்வாங்கிவிடும் என்று பயந்தாள். கேட்காமலே அவரைக் கடந்து, கதவைத் திறந்து, வெளியே நடந்தாள்.